பேயோ, பேயுழைப்போ?

கோலா குபு பாரு வட்டாரத் தோட்டங்களில் ஒருவர் மனங்கலங்கிப் பிதற்றினால், நம்மவர் முனி பிடித்ததென்று பூசாரியைத் தேடி ஓடுகின்றனர். காரணம் யாதெனக் கேட்பாரில்லை.

1969-ல் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ 11 விண்கலத்தார், இருளில் ஒளிப்பொறிகள் தோன்றக் கண்டனர். அவர்களுக்கு எவரும் விபூதி போடவில்லை. பின்சென்றோரைக் கொண்டு சோதித்து, விண்கதிர்த் துகள்கள் கண்ணினூடே பாய்வதே காரணமென்று தெளிந்தனர். 1973 நவம்பர் முதல் 84 நாள் ஸ்கைலாப் நிலையத்திலிருந்த மூவர், ஓயாத வேலையால் சோர்ந்து பிழை செய்தனர். தரையிலிருந்த அதிகாரிகளோடு முரண்பட்டனர். அது மந்திரித்தா தீர்ந்தது? இரு சாராரும் மனம்விட்டுப் பேசி, வேலை நெருக்கடியைத் தளர்த்தினர், வேலையும் சிறந்தது.

விரும்பி ஏறிய வீரர்க்கே இக்கதியெனில், கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறி, திரும்ப வழியின்றிக் காட்டையழித்த நம் முன்னோர் மனங்கலங்கியதில் வியப்பென்ன? பழியைப் பேயின்மேல் போட்டுவிட்டால், கூலியையும் வேலைநேரத்தையும் கள்ளையும் பற்றி எவரும் வாய் திறவார். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே தோழர்களே! மனம் நொந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடுக்கைக்குக் கொடுக்கும் காசைத் தொழிற்சங்கத்திற்குச் சந்தாவாகக் கட்டுங்கள். பேய் தானே ஓடும்.