இராயப்பரும் பேதுருவும்

"நீங்கள் கிறிஸ்தவரா?" என்று சப்ரகமுவவின் இறப்பர்த் தோட்டமொன்றிலே வினவினால், "இல்லை, நாங்கள் கத்தோலிக்கர்" என்னும் விடை வருவதுண்டு. கேட்பவர் நகைக்கலாம், ஆயின் விடையிறுத்தவர் மீது குற்றமில்லை. அவருடைய பிள்ளை கற்கும் பாடசாலையிலே கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் வேறொரு பாடம். குடிசன மதிப்பீட்டுப் படிவமும் உரோமன் கத்தோலிக்கருக்கு ஒரு கூட்டையும் ஏனைய கிறிஸ்தவருக்கு மற்றொரு கூட்டையும் வரைந்து வைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி முன்னவர் இந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 6.2; பின்னவர் 1.4. இவ்வளவுக்கும் அதே அரசு கிறிஸ்தவ மத அலுவல்களுக்கென ஒரே திணைக்களத்தையே நடத்தி வருகின்றது.

இது சொல்லளவிலான பிரிவினை மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயங்களிலே நிகழ்வது அதனினும் கொடிது. பழைய சபைகளைச் சார்ந்தோர், புதிய செபக்கூட்டங்களுக்குச் செல்வோரை 'அல்லேலூயாக்காரர்' என இழித்துரைத்து, அவர்கள் கிறிஸ்தவரே அல்லர் என்கின்றனர். அக்கூட்டத்தாரோ கத்தோலிக்கரை விக்கிரக வணக்கத்தார் என்றும், அங்கிலிக்கரையும் மெதடிஸ்தரையும் பெயர்க் கிறிஸ்தவர் என்றும் தள்ளி, குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவரை ஆற்றிலே மீண்டும் முழுக்காட்டுகின்றனர். இவ்விரு சாராரும் கூறுவது வரலாற்றுக்கு முரணானது என்பதே எமது வாதம்.

முதலில் ஒன்றைக் கேட்போம். தோட்டத் தொழிலாளி ஒருவர் கத்தோலிக்கராகவோ அங்கிலிக்கராகவோ ஆனது எங்ஙனம்? இறையியல் நூல்களை ஒப்புநோக்கித் தேர்ந்தெடுத்தார் என்று எவரும் வாதிடார். மதுரைப் பக்கத்திலே இயேசு சபைக் குருமார் பணியாற்றிய ஊரிலிருந்து கப்பலேறிய குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாக வந்தது. திருநெல்வேலியிலே ஆங்கிலேய மிஷன் சங்கங்கள் பணியாற்றிய ஊரிலிருந்து வந்தது அங்கிலிக்கக் குடும்பமாயிற்று. இங்கு வந்தபின் மதம் மாறியோரின் நிலை இன்னும் தெளிவானது. 1854இல் தோட்டத் துரைமாரின் பண உதவியோடு தொடங்கிய மிஷனுக்கு 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். (சுவிசேஷத்தின் தலைப்பில் 'கூலி' என்ற சொல்லைப் பொறிக்க அன்று எவருக்கும் கூசவில்லை.) கத்தோலிக்கத் தரப்பிலே, 1893இல் அமைந்த காலி மறைமாவட்டம் தென் மாகாணத்தோடு சப்ரகமுவவையும் உள்ளடக்கியிருந்தது, பெல்ஜிய நாட்டு இயேசு சபையினரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995இலேதான். ஆக, பிறந்த ஊரும், பிரட்டுக்களத்துக்கு எந்த உபதேசியாரை வரத் துரை அனுமதித்தார் என்பதுமே பாட்டனாரின் சபையைத் தீர்மானித்தன. இத்தற்செயலையே பேரனார் இன்று நித்திய சத்தியமாகக் கொண்டு அயல் லயத்தாரோடு பிணங்குகின்றார்.

தமிழ் மொழியும் இப்பிணக்குக்கு இடங்கொடுத்துவிட்டது. பழைய கத்தோலிக்க வழக்கிலே இராயப்பர் எனப்படுபவரே சீர்திருத்தச் சபையாரின் பேதுரு. சின்னப்பரே பவுல், அருளப்பரே யோவான், சூசையப்பரே யோசேப்பு. ஒருவர் பூசைக்குப் போகிறார், மற்றவர் ஆராதனைக்குப் போகிறார். ஒரே அப்போஸ்தலரின் பெயரை இட்டுக்கொண்ட இரு பிள்ளைகள், ஒரே லயத்து முற்றத்தில் விளையாடியும், தம் பெயர் ஒன்றே என்பதை அறியாது வளர்ந்தனர். இரு சாராரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்து பேதுருவையும் யோவானையும் பொதுவாக்கியது. ஆயினும் முற்றத்துப் பிரிவு முழுதும் மறைந்துவிடவில்லை. பக்கத்து லயத்து இந்துக்களோ இந்நுட்பங்கள் எவற்றையும் பொருட்படுத்தாது, இவர்கள் எல்லோரையும் 'வேதக்காரர்' என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள். அவர்களுடைய கண்ணே தெளிவாக இருந்தது.

'கிறிஸ்தவர்' என்ற பெயரும் இவ்வாறு வெளியார் இட்டதாகவே தோன்றுகின்றது. அந்தியோகியா நகரிலே சீடர்கள் முதன்முதல் அப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்று அப்போஸ்தலர் பணி கூறும். தமக்குத் தாமே சூட்டிக்கொண்டதாக அது கூறவில்லை. அன்று உரோமன் கத்தோலிக்கருமில்லை, மெதடிஸ்தருமில்லை, பெந்தகோஸ்தேயினருமில்லை.

மறு ஞானஸ்நானமும் புதிய வினாவன்று. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, பிரிந்துபோன கூட்டத்தாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியோரை மீண்டும் முழுக்காட்ட வேண்டும் என்று கார்த்தேசு நகரின் ஆயர் சிப்பிரியான் வற்புறுத்தினார். உரோமின் ஆயர் ஸ்தேவான் மறுத்தார். சிப்பிரியான் தூயவர், இரத்தசாட்சியாக இறந்தவர். எனினும் மேலைத் திருச்சபை அவர் கருத்தை ஏற்கவில்லை. பின்னர் தொனாத்தியரோடு வாதிட்ட அகுஸ்தீன், ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையதே ஒழிய அதனை வழங்கும் குருவுடையதன்று என்று நிலைநாட்டினார். உரோமை இன்றும் அந்நெறியிலேயே நிற்கின்றது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சபைகளில் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றோரைக் கிறிஸ்தவச் சகோதரராக ஏற்றது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி, கத்தோலிக்கர் ஒருவர் மெதடிஸ்தரை மணப்பதற்கு ஆயரின் அனுமதி போதும்; ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கோ தடைநீக்கம் வேண்டும். மெதடிஸ்தர் கிறிஸ்தவரல்லர் என்றால் இவ்வேறுபாட்டுக்குப் பொருளேது?

'அல்லேலூயாக்காரர்' முளைத்தது எங்கிருந்து என்பதையும் நோக்குவோம். 1906இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசுசா வீதியிலே, அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெற்றோரின் மகனான வில்லியம் சீமோரின் தலைமையில் எழுந்த எழுப்புதல், தூய்மை இயக்கத்தின் பிள்ளை. தூய்மை இயக்கம் மெதடிஸ்தத்தின் பிள்ளை. மெதடிஸ்தத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியோ 1791இல் இறக்கும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. அத்திருச்சபை 1534இல் உரோமையிலிருந்து பிரிந்தது. இக்கொடிவழியின் எந்தக் கணுவில் கிறிஸ்தவம் முடிந்தது என்று சொல்ல வல்லார் யார்? 'அந்நியப் பணத்தில் வந்த மதம்' என்ற ஏச்சும் பொருந்தாது. கேரளத்துப் போதகர் பவுல் 1920களில் கொழும்பிலே தொடக்கிய இலங்கைப் பெந்தகோஸ்தே மிஷன் இம்மண்ணிலே பிறந்தது. துரைமாரின் பணத்தில் வந்த சபையினர் இதனை அந்நியமென்பது விந்தையே.

அப்படியாயின் எல்லையே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. கிறிஸ்து யார் என்ற வினாவுக்கு 325இல் நிசேயாவிலே விடை தேடியோர் வீண்வேலை செய்தவரல்லர்; அவ்விடையை மறுப்போரோடு வழக்காடவும் வேண்டும். சிலுவையில் மரித்து உயிர்த்தவரை ஆண்டவர் என அறிக்கையிடும் இருவர், நீரின் அளவையும் சொரூபத்தையும் பற்றி வாதிடுதல் வேறு வழக்கு. வாதிடட்டும்; பெயரைப் பறிக்க வேண்டா.

பெயரைப் பறிப்பதன் விலையைக் கொடுப்பவர் பால் வெட்டும் தொழிலாளியே. தாய் கத்தோலிக்கர், மகன் செபக்கூட்டத்தார் என்றால், தாயின் பிணத்தருகே மகன் நிற்பதற்கும் வழக்குரைக்க நேர்கிறது. இரு சபைக் காதலர் இருவரையும் ஊர் விலக்குகின்றது. தொகையிற் சிறியோர் தமக்குள்ளேயே எல்லை வகுக்கின்றனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலே தமிழர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்செயலின்போது, லயங்களுக்குத் தீயிட்டோர் உள்ளிருப்பவர் பூசைக்குப் போகிறவரா, ஆராதனைக்குப் போகிறவரா என்று கேட்கவில்லை.

அறிஞர்களும் முயன்றதுண்டு. அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்ரிஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண மறைமாவட்டத்தார் ஆகியோர் 1940 தொடக்கம் பேசி வந்த ஐக்கியத் திட்டம், 1972இல் நிறைவேறவிருந்த தறுவாயில் நீதிமன்ற வழக்கினால் நின்றுபோயிற்று. ஒரே சபையாகும் வரை தோட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. போதகர் ஒருவர் ஆற்றுக்கு அழைத்துச் செல்லுமுன், "உமக்கு முன்னமே ஞானஸ்நானம் ஆயிற்றா?" என்று கேட்டு, ஆயிற்றென்றால் கரையிலேயே நிற்கட்டும். செபக்கூட்டத்தார் ஒருவர் இறந்தால், பங்குக் குரு குடையெடுத்துக்கொண்டு இடுகாடு வரை நடக்கட்டும்.