காலம் அளித்த தரம்

மது அருந்துதலைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு முந்திரிகைத் தோட்டம் தனக்கு விதிக்கப்பட்ட தரத்தை 118 ஆண்டுகள் கழித்து மாற்றிக்கொண்ட வரலாறு, மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சிந்தனை விருந்தாகும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு வடக்கே மெடோக் என்னும் நிலப்பகுதி உண்டு. அங்குள்ள மண் பரற்கற்கள் நிறைந்த வறிய மண். மழைநீர் தங்காது வடிந்துவிடுவதால், முந்திரிகைக் கொடி நீரைத் தேடி வேரை ஆழச் செலுத்துகின்றது. பகலில் வெயிலை உண்ட கற்கள் இரவில் அவ்வெப்பத்தைக் கொடிக்கு ஈகின்றன. பிற பயிருக்கு உதவாத இந்நிலமே உயர்ந்த செம்மதுவின் தாயகமாயிற்று.

1855ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன்பொருட்டுப் போர்தோ மதுத் தரகர்கள் சிறந்த தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துப் பட்டியல் வகுத்தனர். அவர்கள் கொண்ட அளவுகோல் யாது? பல்லாண்டுகளாகச் சந்தையில் நிலவிய விலையே. லாஃபீட், லாத்தூர், மார்கோ, ஓ பிரியோன் என்னும் நான்கும் முதல் வகுப்பைப் பெற்றன. மூட்டோன் றொத்சைல்ட் தோட்டமோ இரண்டாம் வகுப்பின் தலையில் நிறுத்தப்பட்டது.

1922இல் இருபது வயது இளைஞரான பிலிப் றொத்சைல்ட் பிரபு அத்தோட்டத்தைப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் மது பீப்பாக்களில் வணிகரிடம் சென்று, அவர்கள் கிடங்குகளிலேயே போத்தல்களில் அடைக்கப்படுவது வழக்கம். 1924இல் அவர் தம் மது முழுவதையும் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்க ஏற்பாடு செய்தார். தரத்துக்குத் தாமே பொறுப்பென்பது அதன் பொருள்.

பின்னர் யுத்தம் மூண்டது. யூத குலத்தவராகிய அவரது தோட்டம் பறிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, டி கோல் தளபதியின் படையிற் சேர்ந்தார். மனைவி எலிசபெத் 1945 மார்ச் மாதத்தில் ராவன்ஸ்புரூக் சிறைமுகாமில் உயிர் நீத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் உறைபனி தளிர்களைக் கருக்கியது. எனினும், எஞ்சிய சிறு விளைச்சல் கோடை வெயிலில் முதிர்ந்து செறிவுற்றது. அம்மதுவின் போத்தல்கள் வெற்றியைக் குறிக்கும் ‘வீ’ என்ற எழுத்தைத் தாங்கி வெளிவந்தன. பல்லாண்டு கழிந்தபின், அது இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த மதுக்களுள் ஒன்றென வல்லுநர் போற்றினர்.

பல்லாண்டு கழிந்தபின் என்றது ஏன்? பழத்தின் தோலும் விதையும் தரும் துவர்ப்புப் பொருள், இளமையில் நாவை இறுக்கும். போத்தலினுள்ளே ஆண்டுகள் செல்லச் செல்ல, அத்துவர்ப்பும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று இணைந்து மண்டியாகப் படிகின்றன. ஊதா கலந்த நிறம் செங்கல் நிறமாகின்றது, கடுமை மென்மையாகின்றது. தக்கை காய்ந்து காற்றுப் புகாதிருக்கவே போத்தலைக் கிடையாக வைப்பர். எல்லா மதுவும் இவ்வாறு உயர்வதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே சுவை குன்றும். உள்ளே சாரம் உள்ளதற்கே காலம் நட்பாகும்.

1973ஆம் ஆண்டில், அப்போது விவசாய அமைச்சராயிருந்த ஷாக் சிராக் கையொப்பமிட, மூட்டோன் முதல் வகுப்புக்கு உயர்ந்தது. அப்பட்டியலில் இவ்வாறு மேல்வகுப்பு ஏறிய தோட்டம் இஃது ஒன்றே. முன்னர், ‘முதலாக இயலாது, இரண்டாக மனமில்லை, நான் மூட்டோன்’ என்ற கருத்துடைய வாசகத்தைத் தாங்கிய அத்தோட்டம், பின்னர், ‘முதலானேன், இரண்டாயிருந்தேன், மூட்டோன் மாறாது’ என்று அதனைத் திருத்திக்கொண்டது.

பிறர் இட்ட தரம் ஏட்டில் இருந்தது. அதனை மாற்றியது ஐம்பதாண்டு உழைப்பு. பரீட்சைப் பட்டியலிற் பின்னின்று வருந்தும் பிள்ளைகள் இதனை எண்ணிப் பார்ப்பாராக.