அவர் எழுந்து நடந்துவிட்டார், இவர் ஏன் நடக்கவில்லை?

ஒரே லயத்தில் இரண்டு பேருக்கு வாதம் அடிக்கிறது. ஒருவர் மூன்று மாதத்தில் கைத்தடி ஊன்றிக் கோயில் வரைக்கும் நடந்து வருகிறார். மற்றவர் ஆறு மாதமாகியும் கட்டிலோடு கிடக்கிறார். உடனே பேச்சு கிளம்பிவிடும். "அவருக்கு மனசுல தெம்பு இருந்துச்சு, எந்திரிச்சிட்டாரு. இவரு சோம்பேறி, பெண்டாட்டி ஊட்டி விடறதுல சொகம் கண்டுட்டாரு." செய்வினை என்று சொல்பவர்களும் உண்டு.

தோழர்களே, இந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும்.

கை கால் விழுந்தாலும் நோய் கை காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. சிலருக்கு வெடித்துக் கசிகிறது. ரத்தம் கிடைக்காமல் செத்துப் போன இடம் எது, எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். நரம்புகள் நெருக்கமாக இறங்கும் இடத்தில் சின்னஞ்சிறு அடைப்பு வந்தாலும் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடும். இடப்பக்க மூளை கெட்டால் வலக்கை, வலக்காலோடு பலருக்குப் பேச்சும் போய்விடும். நாம் சொல்வது சிலருக்கு விளங்கும், பதில்தான் வராது. வலப்பக்க மூளை கெட்ட சிலருக்கோ இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்து போகும். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும். வீட்டார் அதைத் திமிர் என்கிறார்கள். அதுவும் நோய்தான்.

அடுத்தது நேரம். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் பார்த்தபின், பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. பட்டணத்தில் விழுந்தவரும் செம்பனைக் காட்டுக்குள் விழுந்தவரும் இதில் ஒன்றாவார்களா? வண்டி தேடுவதில் ஒரு மணி, "எண்ணெய் தேய்ச்சா சரியாப் போயிரும்" என்று ஒரு மணி போய்விடுகிறது. வாய் கோணினால், கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் உடனே 999-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். வாயில் காப்பி, தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நோயாளி கையில் இல்லை. வயது, இனிப்புநீர், முன்பே ஒரு தடவை வாதம் வந்தது, இவையும் மீட்சியைத் தாமதப்படுத்தும். வீடு திரும்பியபின் நடப்பதில்தான் நமக்கும் பங்கு உண்டு.

கெட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதத்தில் இது வேகமாக நடக்கும். அதற்கப்புறம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். புதிதாகப் பால் வெட்ட வந்தவனுக்குக் கத்தி எப்படிப் படிகிறது? திரும்பத் திரும்ப வெட்டித்தானே! அதே கதைதான். அதனால் எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுக்காதீர்கள். பித்தானை அவர் போடட்டும், அரைமணி ஆனாலும் ஆகட்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து மட்டும் தூக்காதீர்கள், தோள்பட்டை கெட்டுவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அழுதுகொண்டே இருந்தால், பயிற்சியே வேண்டாமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. கொதிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் இரண்டாவது வாதத்துக்கு வழி விட்டதாகும்.

ஆனால் பயிற்சி எங்கே கிடைக்கிறது? பட்டணத்து மருத்துவமனையில். இரண்டு பஸ் மாற வேண்டும். கூடப் போகும் மனைவிக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். மூன்றாவது தவணையோடு நின்றுவிடுகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. கூட்டுப் பேரத்தில் தோட்ட வண்டியைக் கேட்பதும், துணைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தோடு லீவு கேட்பதும் நல்ல மருந்துதான் என்பது என் கருத்து.

சொக்சோ சந்தா கட்டியவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைத்தளத்தில் விழாமல் வீட்டில் விழுந்தாலும், இனி வேலை செய்ய இயலாது என்றால் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். வயதும் சந்தா கட்டிய மாதங்களும் பார்க்கப்படும். 2014-இல் மலாக்காவில் திறக்கப்பட்ட சொக்சோ மறுவாழ்வு மையமும் இருக்கிறது. ஐ.சி., மருத்துவமனைக் கடிதம், தவணை அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரைப் பாருங்கள். நோயாளியால் வர முடியாவிட்டால் செயலாளர் லயத்துக்கு வரட்டும்.