வாயுவா, இதயமா?

மார்கழி ஞாயிறுகளில் நவகைலாய யாத்திரை செல்வோர் விடியுமுன்பே திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டுவிடுவர். பாபநாசத்தில் தொடங்கிச் சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி என வழிபட்டுச் சேர்ந்தபூமங்கலத்தை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பேருந்தில் முதியவர்களே மிகுதி. அவர்களுள் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு" என்றால், உடனே நாலு இருக்கைகளிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "வெறும் வயித்துல காப்பி குடிச்சியள்லா, வாயுதான். ஒரு சோடா குடிங்க, ஏப்பம் வந்தாச் சரியாப் போயிரும்."

அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் சரியாகவும் இருக்கலாம். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருவோர் அனைவருக்கும் மாரடைப்பு இருப்பதில்லை. ஆயினும், அதைப் பேருந்தில் அமர்ந்து தீர்மானிக்க இயலாது. இதயம், உணவுக்குழாய், மேல்வயிறு ஆகியவற்றின் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியில் வந்து சேர்கின்றன. ஆகவே வலி எங்கிருந்து எழுகிறது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் அடிச்சுவரில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் மேல்வயிற்றில் வலியும் குமட்டலும் தோன்றும். பார்ப்பவர்க்கு அது அசல் அஜீரணமே. அமிலம் தணிக்கும் மருந்து குடித்ததும் வலி குறைந்தது என்பதும் சான்றாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வலியே இன்றி வியர்வை, மூச்சிரைப்பு, மிகுந்த சோர்வு மட்டும் வரக்கூடும். நம் வீட்டுப் பெண்கள் அதையும் 'விரதக் களைப்பு' என்று ஒதுக்கிவிடுவது எனக்கு என்றும் கவலை தருவது.

மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பொருள் உண்டு. நடந்தால் கூடி, நின்றால் குறைந்து, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் அழுத்தம் இதயத்தைச் சுட்டும். முன்பக்கம் சாய்ந்தால் தணியும் வலி, இதய உறையின் அழற்சியாக இருக்கலாம். பல நாள் படுக்கையில் கிடந்தபின் ஒரு கால் வீங்கி, திடீரென மூச்சுத் திணறினால், நுரையீரல் இரத்தக்குழாயில் கட்டி அடைத்ததோ என ஐயுறுவர். விரலால் அழுத்திய இடத்திலேயே வலித்தால் பெரும்பாலும் தசை அல்லது விலா. ஒரு பக்க விலாவை ஒட்டிப் பட்டையாக எரியும் வலி அக்கியாகவும் இருக்கலாம். கொப்புளம் தோன்றச் சில நாட்கள் ஆகும். அதற்குக் காவி எழுதுவது நம் ஊர் வழக்கம். ஆனால் வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய மூன்று நாட்களுக்குள் தொடங்குவதே நல்ல பலன் தரும்.

இத்தனை அடையாளங்களும் ஐயத்தை எழுப்பவே உதவும்; தீர்ப்பு ஈ.சி.ஜி.க்கும் இரத்தப் பரிசோதனைக்கும் உரியது. கையெழுத்து ஒத்திருக்கிறது என்பதற்காக மட்டும் வங்கியில் ஒரு காசோலைக்குப் பணம் கொடுத்துவிடுவதில்லை அல்லவா? மருத்துவமனையை அடைந்த பத்து நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்பது நெறி. முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று பொருளல்ல. இதயத்தசை சேதமுற்றால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்னும் புரதம் உயரச் சில மணி நேரம் பிடிக்கும். எங்கள் பிரதோஷக் குழு அன்பர் ஒருவர், முதல் தாள் நன்றாக இருக்கிறதென்று செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அவர் மனைவிதான், "இன்னொரு தடவ எடுக்கச் சொல்லுதாவ, இருங்க" என்று கையைப் பிடித்து அமர்த்தினார். இரண்டாம் தாளில் மாற்றம் தெரிந்தது. அன்றே அடைப்பு நீக்கப்பட்டது.

அடுத்தவர் தரும் மாத்திரை பற்றியும் ஒரு சொல். நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், சிலருக்கு இரத்த அழுத்தத்தை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். மகாதமனியின் உட்சுவர் கிழிவதாலும் நெஞ்சுவலி வரும். முதுகு வரை கிழிப்பதுபோல் திடீரென எழும் வலி அது. மாரடைப்பில் உயிர் காக்கும் ஆஸ்பிரின் அங்கே கேடு செய்யும். எனவேதான், காரணத்தை ஆராய்ந்து கொடுப்பவர் கையால் மருந்தைப் பெறவேண்டும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணையைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

யாத்திரையை நடத்துவோர், வழியிலுள்ள அரசு மருத்துவமனைகள் எங்கெங்கு உள்ளன என்பதை முன்பே குறித்துக்கொள்வது நலம். வலி தோன்றினால் அவரை நடக்கவிடாமல் அமர்த்தி, 108க்கு அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி உடன் செல்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்பவை அவையே.