சிங்க்கில் கவிழ்த்த சாக்லேட் நிறம்

“பிளஸ் டூ பசங்களுக்கு எதுக்கு சார் ஆராய்ச்சியெல்லாம்? முதல்ல சமன்பாட்டை பேலன்ஸ் பண்ணத் தெரியட்டும்.” ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சைக் கேட்காத வேதியியல் ஆசிரியர் இருக்க மாட்டார். நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். இன்று அதை மறுக்கத்தான் எழுதுகிறேன்.

அடிப்படை முதலில், ஆராய்ச்சி பிறகு என்பதுதான் இவர்களின் முதல் வாதம். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் போய் நின்று பாருங்கள். நீலக் கரைசலில் ஒரு மாணவி பொட்டாசியம் பெர்ரோசயனைடு நாலு சொட்டு விடுகிறாள். சாக்லேட் நிறத்தில் திப்பித் திப்பியாகத் திரள்கிறது. ‘காப்பர் உறுதி’ என்று நோட்டில் எழுதிவிட்டு, குழாயை சிங்க்கில் கவிழ்க்கிறாள். அத்தோடு முடிந்தது.

அவள் கவிழ்த்த அந்தப் பழுப்புச் சேற்றின் கூடப்பிறந்த பொருள் ஒன்றை 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சுய் குழுவினர் பேட்டரி மின்முனையாகப் பயன்படுத்தினார்கள். பல்லாயிரம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கியும் அது தாக்குப்பிடித்தது. தயாரித்த விதமும் நம் மாணவி செய்ததுதான்: இரண்டு கரைசல்களைக் கலந்து வீழ்படிவாக்கினார்கள். பெர்ரோசயனைடுக்குப் பதில் பெர்ரிசயனைடு, அவ்வளவே வித்தியாசம். அது ஏன் தேயவில்லை? கனசதுர மூலைகளில் தாமிரமும் இரும்பும் மாறி மாறி நிற்கின்றன, விளிம்புகளில் சயனைடு, நடுவில் காலி அறை. பொட்டாசியம் அயனி அந்த அறைக்குள் வந்து வந்து போகும், சட்டம் அசையாது. இதைப் புரிந்துகொள்ளக் கனசதுரப் படிகம், ஈனி, ஆக்சிஜனேற்ற நிலை தெரிந்தால் போதும். மூன்றும் அவர்கள் பாடத்திலேயே இருக்கின்றன. அடிப்படை தெரியாமல் ஆராய்ச்சியா என்று கேட்கிறோம். அடிப்படை எதற்கு என்று தெரியாததால்தான் பாதிப் பிள்ளைகளுக்கு அது மனதில் நிற்பதில்லை.

பாடம் சொல்வது வேறு, கண்டுபிடிப்பது வேறு என்பார்கள். ரிச்சர்ட் ராப்சன் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1974-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி கட்டிக் காட்ட அவருக்கு மர உருண்டைகள் தேவைப்பட்டன. எந்த அணுவுக்கு எந்தக் கோணத்தில் துளை போட வேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தார். துளையிட்டு வந்த உருண்டைகளில் குச்சி செருகும்போது ஒன்று உறைத்தது: துளை இருக்கும் இடமே அமைப்பைத் தீர்மானித்துவிடுகிறதே! நிஜ அணுக்களையும் இப்படிக் கோத்தால் என்ன? பத்து வருடத்துக்கு மேல் அந்த யோசனை கிடப்பில் கிடந்தது. பிறகு தாமிர அயனியையும், நான்கு கைகளின் நுனியிலும் நைட்ரைல் தொகுதி உள்ள ஒரு மூலக்கூறையும் சேர்த்தார். வைரத்தைப் போன்ற, ஆனால் உள்ளே பெரும் வெற்றிடம் கொண்ட படிகம் உருவானது. 1989-இல் வெளியிட்டார். 2025-இல் சுசுமு கிடகாவா, ஓமர் யாகி ஆகியோருடன் அவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்புக்கு மாடல் செய்யப் போனவருக்குத்தான் அந்த யோசனை வந்தது என்பதை மறக்கக் கூடாது.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தெர்மகோல் உருண்டையும் தென்னை ஈர்க்கும் இருந்தால் மேலே சொன்ன கனசதுரத்தைக் கட்டிவிடலாம். நிஜக் கருவியைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் ‘ஜிக்யாசா’ திட்டம் 2017 முதல் நடக்கிறது.

இதெல்லாம் கடைசியில் வெறும் கண்காட்சியாகிவிடும் என்கிறார்களே, அதில் பாதி உண்மை. நான் பிள்ளைகளை அழைத்துப்போன ஒருநாள் முகாமில் பை கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், பளபளவென்று நூறு ஸ்லைடு ஓட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு பையனும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டில் வைத்த ஜாங்கிரியைப் பற்றித்தான் பேச்சு. வெற்றியை மட்டும் காட்டினால் இப்படித்தான் ஆகும். ராப்சன் கட்டிய சட்டங்கள் எளிதில் நொறுங்கிவிடும், இதை வைத்து என்ன செய்வது என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் குவாண்டம் புள்ளிகளுக்காக நோபல் வாங்கிய மௌங்கி பவெண்டி, கல்லூரியில் எழுதிய முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு 20 எடுத்ததைத் தானே சொல்லியிருக்கிறார். நான் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மீதி இருப்பது நேரம். நீட், பொதுத்தேர்வு, மாலைச் சிறப்பு வகுப்பு: இந்த நெருக்கடி பொய்யில்லை, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் கேட்பது தனிப் பாடவேளை அல்ல. சாக்லேட் நிறம் வந்ததும், கவிழ்ப்பதற்கு முன் பத்து நிமிடம் போதும்.

போன வருடம் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தேன். ஈர்க்குக் கனசதுரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பெண் கேட்டாள்: “சார், ஜிங்க்குக்கும் இதே பெர்ரோசயனைடுதானே விடுறோம்? வெள்ளையா வருமே, அதுவும் இந்த மாதிரிக் கூண்டா?”

முப்பது வருடமாக அந்த வெள்ளை வீழ்படிவைப் பார்த்து டிக் போட்டவன் நான். ஒருநாளும் எனக்குத் தோன்றாத கேள்வி. “தெரியலைம்மா, பார்த்துச் சொல்றேன்” என்றேன். அன்றிரவு தேடினேன். கூண்டுதான், ஆனால் கனசதுரம் இல்லை. ஜிங்க்கைச் சுற்றி நான்கு நைட்ரஜன் மட்டுமே நிற்பதால் சட்டம் வேறு மாதிரி வளைந்து, அறை இன்னும் பெரிதாகிவிடுகிறது. மறுநாள் போய்ச் சொன்னபோது அவள் ஏற்கெனவே நாலு ஈர்க்கை ஒரு உருண்டையில் குத்தி வைத்திருந்தாள்.