காணாமல் போன புது டிஸ்க்

நேரு பிளேஸில் பேரம் பேசி வாங்கிய புது ஹார்ட் டிஸ்க். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, நான்கு திருகுகளை முடுக்கி, கேபிள்களைச் செருகி, நம்பிக்கையோடு ஸ்விட்சைப் போட்டால், திரையில் பழைய சி டிரைவ் மட்டுமே. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கு வர ஐந்து நிமிஷம் போதும். பெரும்பாலும் கடைக்காரர் நிரபராதி.

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: டிஸ்க் யார் கண்ணில் படவில்லை? விண்டோஸின் கண்ணிலா, அதற்கும் முன்னால் விழிக்கும் பயாஸின் கண்ணிலா? கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் திறக்கும். அங்கே டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் சந்தேகம் முதலில் கேபிள்மேல் விழ வேண்டும். மின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு இணைப்புகள்: மின்சாரத்துக்கு 15 முனை, தகவலுக்கு 7 முனை. இரண்டையும் அழுத்திச் செருகி, பலனில்லை என்றால் வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட் என்று மாற்றிப் பார்க்கலாம். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி பொருத்தியதும் ஓரிரு சாட்டா போர்ட்கள் செயலிழந்துவிடும். கையேட்டில் அது எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. இன்னொரு எச்சரிக்கை: வேறு பவர் சப்ளையின் கேபிளைக் கடன் வாங்கக் கூடாது. பிளக் பொருந்தும், மின்னழுத்தம் மாறியிருக்கும், டிஸ்க் கருகும்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் இல்லை என்றால் நல்ல செய்தி. டிஸ்க்கில் பழுதில்லை, அது கோடு போடாத வெறும் நோட்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்து 'இனிஷியலைஸ்' செய்து, பகுதி பிரித்து, ஃபார்மட் செய்து, ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்தால் எழுந்து உட்காரும். எம்பிஆர், ஜிபிடி எது வேண்டும் என்று கேட்டால் ஜிபிடி. எம்பிஆர் 2 டெராபைட்டைத் தாண்டாது. 4 டெராபைட் டிஸ்க்கில் பாதி வீணாகும்.

ஆபத்தும் இதே இடத்தில்தான். பழைய டிஸ்க் 0, புதிய டிஸ்க் 1 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவசரத்தில் தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கொள்ளளவைப் பார்த்து அடையாளம் காண வேண்டும். விண்டோஸையே புதிதாக நிறுவுவதானால் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவது உத்தமம். படங்கள் உள்ள பழைய டிஸ்க்கைக் காட்டி "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால், பதில் "வேண்டாம்". கடகடவென்று சத்தம் வந்தால் உடனே அணைக்க வேண்டும்; திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மிச்சத்தையும் அழிக்கும்.

1 டெராபைட் டிஸ்க்கில் 931 ஜிபிதான் தெரிகிறது என்ற புகாரும் வரும். திருட்டு இல்லை, கணக்கு. தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார். விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

1990களில் ஜம்பரை நகர்த்தி 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று வகுத்தவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டு. அன்றைய பல பயாஸ்கள் 504 எம்பிக்கு மேல் பார்க்கவே மறுத்தன. இப்போது வேலை எளிது; இழக்கக்கூடியதுதான் அதிகம். ஆகவே திருப்புளியை எடுக்குமுன் ஒரு நகல். டிஸ்க்குக்கு வாரன்டி உண்டு. உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களுக்கு இல்லை.