வியப்பு வேண்டாம், அடுத்த புத்தகம் கொடுங்கள்

என் அக்கா மகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வடை மடித்து வந்த செய்தித்தாளைக்கூட எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். வகுப்பில் கணக்கை முதலில் முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் சாக்பீஸ் எடுத்து வருவதும், பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவதும்தான். "காலனிப் புள்ளைக்கு இவ்வளவு வருதே!" என்று ஆசிரியர் ஒருவர் வியந்திருக்கிறார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்த வியப்புக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

பள்ளிக்குப் போய்ப் பேசலாம் என்றேன். "நாம போய்க் கேட்டா திமிருன்னு சொல்லுவாங்கடி" என்றாள் அக்கா. ஊர்த்தெருப் பெற்றோர் கேட்டால் அக்கறை, நாம் கேட்டால் திமிர். இந்தப் பயம் அக்காவுக்குச் சும்மா வரவில்லை.

ஆனால் இது சலுகை அல்ல. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவு. பின்தங்கிய குழந்தைக்கு மட்டும் என்று அதில் இல்லை. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்தே குழந்தைகளைப் பிரிக்கிறது. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எட்டாம் வகுப்பில், ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதில். அதுவரை ஏழு வயதுக் குழந்தையின் ஆர்வம் காத்திருக்குமா?

நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனோம். மூன்று கேட்டோம்: மலர் நிலைப் பயிற்சி நூல், பூட்டிய அலமாரியிலிருந்து வாரம் இரண்டு கதைப் புத்தகம், மாதம் ஒருமுறை பேச நேரம். மேல் வகுப்புக்கு மாற்றச் சொல்லவில்லை. 'பிறவி அறிவாளி' பட்டமும் கேட்கவில்லை. தகுதி, திறமை என்ற பேச்சு யாரை வெளியே நிறுத்தியது என்பதை அறிந்தவர்கள் நாம். அலமாரி திறந்தால் வகுப்பு முழுவதும் படிக்கும்.

தலைமையாசிரியர் புத்தகத்துக்கும் சந்திப்புக்கும் ஒப்புக்கொண்டார். பயிற்சி நூலுக்கு "பார்க்கலாம்" என்றார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அடுத்த கூட்டத்துக்கு அக்கா போகிறாள். தோழர்களே, உங்கள் தெருப் பள்ளிக் கூட்டத்துக்கு யார் போகிறார்கள்?